மோனாலிசாவும் சோலார் பேனலும்: மெய்நிகர் உலகத்துல போய் ஏன் லெக்சர் கேக்கணும்?

மெட்டாவர்ஸ்ங்கற மெய்நிகர் உலகக் கதை முடிஞ்சுதுன்னு செய்தி வந்துட்டே இருக்கு. 2021 அக்டோபர்ல ஃபேஸ்புக் தன் கம்பெனி பேரையே மெட்டான்னு மாத்திக்கிச்சு, அதுக்கான வேலையைப் பாக்கற ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022-ல 13.7 பில்லியன் டாலர், 2023-ல 16.1 பில்லியன் டாலர்னு நஷ்டக் கணக்கு காட்டுச்சு, மைக்ரோசாஃப்ட் தன்னோட ஆல்ட்ஸ்பேஸ் மெய்நிகர் உலகத்தை 2023 மார்ச்ல இழுத்து மூடிச்சு, அதே மாதிரி இருந்த மொஸில்லா ஹப்ஸ் 2024 மே மாசத்தோட நின்னுபோச்சு. இவ்வளவுக்கும் நடுவுல 2003-ல ஆரம்பிச்ச செகண்ட் லைஃப்ங்கற மெய்நிகர் உலகம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அங்க இன்னிக்கும் ஓவிய வரலாறு, வானியல், சூரிய மின்சாரம்னு பொதுப் பேச்சுகள் நடக்குது, டிக்கெட் கிடையாது, யார் வேணா போய் உக்காரலாம்.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் வர்ற குழப்பம் ஒண்ணு தான். அதே பேச்சை யூடியூப்ல கேட்டுட்டுப் போகலாமே, பொம்மை உருவத்தை நடக்க வெச்சு, பொம்மை நாற்காலியில உக்கார வெச்சு எதுக்கு இந்த வேலை? பாதிப் பேச்சுக்கு இந்தக் கேள்வி நியாயம் தான். ஆனா ஓவியமும் சோலாரும் அந்தப் பாதியில வராது, ரெண்டுலயும் அளவும் திசையும் வெளிச்சமும் தான் விஷயமே. அதை அடிப்படைல இருந்து பாப்போம்.

முதல்ல சில வார்த்தைகள்

மெய்நிகர் உலகம்னா பல பேர் ஒரே நேரத்துல உள்ள இருக்கற, நாம வெளிய வந்தப்புறமும் அப்படியே இருக்கற முப்பரிமாண இடம். கேம் மாதிரி தெரியும், ஆனா ஜெயிக்கறதுக்கு எதுவும் கிடையாது. உள்ள நம்ம சார்பா நடமாடற உருவம் தான் அவதார். செகண்ட் லைஃப்ல நிலத்தை ரீஜன் ரீஜனா பிரிச்சு வெச்சிருக்காங்க, ஒரு ரீஜன் 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது சுமார் 16 ஏக்கர். கட்டடம், நாற்காலி, ஓவியம் எல்லாம் அங்க இருக்கற ஆளுங்களே செஞ்சு வெச்சது தான், ஒரு பொருளோட மேல்பரப்புல ஒட்டற படத்துக்கு டெக்ஸ்சர்னு பேரு, பொருளை அசைய வைக்கற குட்டி ப்ரோக்ராமுக்கு ஸ்க்ரிப்ட்னு பேரு. இந்த ரெண்டு வார்த்தையும் கீழ திரும்பத் திரும்ப வரும். விஆர் கண்ணாடி எதுவும் வேண்டாம், சாதா கம்ப்யூட்டர் போதும், அது இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பேச்சு எப்படி நடக்குது

ஆரம்ப வருஷங்கள்ல எல்லாம் டைப் பண்றது தான், 2007-ல குரல் வசதி வந்துது. பேசறவர் மேடைல நிப்பார், பின்னாடி திரையில ஸ்லைடு, கேக்கறவங்க சாட்ல கேள்வியைத் தட்டுவாங்க. காது கேக்காதவங்களுக்காக பேச்சை அப்பப்பவே சாட்ல டைப் பண்ணிப் போடற ஆளுங்க இருக்கற கூட்டங்களும் உண்டு, இந்த ஒரு விஷயத்துல நம்ம ஊர் சபாக்கள் ரொம்பப் பின்தங்கி இருக்குன்னு தான் சொல்லணும்.

கஷ்டங்களும் இருக்கு.

1. கூட்டம். ஒரு முழு ரீஜனுக்குள்ள அதிகபட்சம் 100 அவதார் தான், அதுவும் 60, 70 தாண்டினாலே நகர முடியாம திணறும். இதுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க, நாலு ரீஜன் ஒண்ணா சேர்ற மூலையில மேடையைக் கட்டறது. மேடையை சுத்தி உக்கார்றவங்க நாலு தனித்தனி ரீஜன்ல, அதாவது நாலு தனித்தனி கணக்குல இருப்பாங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே மேடை தெரியும்.

2. சத்தம். சாட்ல சாதாரணமா தட்டினா 20 மீட்டர் தூரம் தான் போகும், கத்தினா 100 மீட்டர். கடைசி வரிசை ஆளு கேட்ட கேள்வி மேடைக்கே வராம போறதுக்கு இது தான் காரணம், அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார்.

3. கலாட்டா. 2006 டிசம்பர்ல அங்க நிலம் வாங்கி வித்துப் பேர் வாங்கின ஆன்ஷி சங்கோட பேட்டி மேடைல நடந்துக்கிட்டு இருக்கும்போது ஆபாசமான பொருளுங்களைப் பறக்க விட்டு நிகழ்ச்சியையே குலைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் பேச்சு நடத்தறவங்க முதல்ல செய்யற வேலையே, வர்றவங்க பொருள் எதையும் உருவாக்க முடியாதபடி அந்த நிலத்தோட செட்டிங்கை மூடறது தான்.

இது வரைக்கும் பாத்தா ஜூம் மீட்டிங்கே தேவலாம்னு தான் தோணும். வெறும் ஸ்லைடு போட்டுப் பேசறதா இருந்தா நிஜமாவே தேவலாம்.

ஓவியப் பேச்சுக்கு அங்க என்ன லாபம்

ஸ்லைடுல ஒரு பெரிய பொய் இருக்கு, எல்லா ஓவியமும் ஒரே அளவுல தெரியும். பாரிஸ் லூவ்ர்ல இருக்கற மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவு தான். அதே ஹால்ல எதிர் சுவத்துல தொங்கறது வெரோனேசே வரைஞ்ச கானா ஊர்க் கல்யாணம், அது 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். பரப்பு கணக்குப் போட்டா ஒரு கானா கல்யாணத்துக்குள்ள சுமார் 165 மோனாலிசாவை ஒட்டலாம். பவர்பாயிண்ட்ல ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா இந்த வித்தியாசம் யாருக்கும் உறைக்காது, பேசறவர் எத்தனை தடவை மீட்டர் கணக்கு சொன்னாலும் சரி. மெய்நிகர் ஹால்ல ரெண்டையும் சரியான அளவுல எதிரெதிரா மாட்டி, நம்ம அவதாரை நடுவுல நிக்க வெச்சா சொல்லாமலே புரியும்.

இடத்தோட ஒட்டின ஓவியத்துக்கு லாபம் இன்னும் அதிகம். 2007-ல அமெரிக்காவோட வாசர் காலேஜ் செகண்ட் லைஃப்ல தனக்குன்னு வெச்சிருந்த தீவுல, அதாவது தனி ரீஜன்ல, வாடிகன் சிஸ்டைன் சேப்பலைக் கட்டி வெச்சுது. நிஜ சேப்பல் சுமார் 40.9 மீட்டர் நீளம், 13.4 மீட்டர் அகலம், 20.7 மீட்டர் உயரம், மைக்கலாஞ்சலோ 1508-ல இருந்து 1512 வரைக்கும் வரைஞ்ச கூரையை அங்க போறவங்க கழுத்து வலிக்க அண்ணாந்து தான் பாக்கணும், ஃபோட்டோவும் எடுக்க விட மாட்டாங்க. மெய்நிகர் சேப்பல்ல பறந்து மேல போய் மைக்கலாஞ்சலோ சாரத்துல நின்ன உயரத்துலயே நின்னு பாக்க முடிஞ்சுது. இன்னொண்ணும் செஞ்சிருந்தாங்க, சுவரோட கீழ்ப்பகுதில மாட்டறதுக்காக ரஃபேல் வடிவமைச்ச நெசவுச் சீலைகளையும் அங்க தொங்க விட்டிருந்தாங்க. நிஜத்துல அந்தச் சீலைகள் சேப்பல் சுவத்துல எப்பவும் இருக்கறது இல்ல, ரஃபேல் செத்து 500 வருஷம் ஆனதுக்காக 2020 பிப்ரவரில ஒரு வாரம் மட்டும் மாட்டி வெச்சாங்க. ஆக அப்படி அபூர்வமா மாட்டினப்ப நேர்ல போனவங்களைத் தவிர மத்தவங்க எல்லாருக்கும் கூரையையும் சீலையையும் சேத்து உள்ள நின்னு பாக்கற வழின்னா பொம்மை சேப்பல் தான். அதே 2007-ல ஜெர்மனியோட ட்ரெஸ்டன் பழைய ஓவியர்கள் கேலரியும் தன்னோட அறைகளை, மாட்டியிருக்கற ஓவியங்களோட சேத்து, செகண்ட் லைஃப்ல கட்டித் திறந்துது.

அளவு சரியா வருதுன்னா நுணுக்கமும் சரியா வரும்னு நினைச்சா அங்க தான் இடிக்கும். ரெம்பிராண்ட்டோட நைட் வாட்ச் ஓவியத்தை எடுத்துக்கோங்க. இப்ப இருக்கற அளவு 379.5 சென்டிமீட்டருக்கு 453.5 சென்டிமீட்டர். 2022 ஜனவரில ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியம் இதோட 717 கிகாபிக்சல் படத்தை வெளியிட்டுது, அதாவது 71,700 கோடி புள்ளி, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 5 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. செகண்ட் லைஃப்ல ரொம்ப வருஷமா ஒரு டெக்ஸ்சரோட உச்ச அளவு 1024-க்கு 1024 பிக்சலா இருந்துது. அகலத்தை 1024-ஆல வகுத்தா ஒரு பிக்சல் 4.4 மில்லிமீட்டர் வருது, ரெம்பிராண்ட் தூரிகைத் தடம் பல இடத்துல ஒரே ஒரு பிக்சலுக்குள்ள காணாம போயிடும்.

வழி இருக்கு, ஓவியத்தை 4-க்கு 4-ன்னு 16 துண்டா வெட்டி ஒட்டறது. அப்ப ஒரு பிக்சல் 1.1 மில்லிமீட்டர் ஆகும். பழைய ரேட்ல ஒரு படம் ஏத்த 10 லிண்டன் டாலர் (செகண்ட் லைஃப்போட சொந்தப் பணம்), 16 துண்டுக்கு 160, நிஜப் பணத்துல ஒரு டாலரை விடக் கம்மி, ஆக காசு பிரச்சனை கிடையாது. பிரச்சனை கேக்க வந்தவங்க கம்ப்யூட்டர்ல வரும். ஒவ்வொரு துண்டும் கிராஃபிக்ஸ் மெமரில சுமார் 4 எம்பி பிடிக்கும், ஒரே ஓவியத்துக்கு 64 எம்பி, 30 ஓவியம் மாட்டின ஹால்னா கிட்டத்தட்ட 2 ஜிபி. பழைய லேப்டாப்ல வந்தவருக்கு பேச்சு முடியற வரைக்கும் நைட் வாட்ச் சாம்பல் கலர் பலகையாவே நிக்கும். அதனால பேச்சுக்கு கொஞ்ச ஓவியத்தை மட்டும் மாட்டறது தான் புத்திசாலித்தனம்.

அவதாரோட உயரம்னு இன்னொரு வில்லங்கம். அங்க பாதிப் பேர் ஏழடி உயரத்துல சுத்துவாங்க, கேமரா அவதாருக்குப் பின்னாடி மேல இருந்து பாக்கறதால உயரமா இருந்தா தான் பொருந்தற மாதிரி தோணும், கட்டடம் கட்டறவங்களும் அதுக்கு ஏத்த மாதிரி வாசலை எல்லாம் பெருசாக்கிடுவாங்க. ஏழடி ஆளு பக்கத்துல மோனாலிசா தபால் தலை மாதிரி ஆயிடும். அளவு தான் லாபம்னு சொல்லி அங்க கூட்டிட்டுப் போறவங்க இதை கவனிக்கலேன்னா போன காரியமே வீண்.

சோலாருக்கு அங்க என்ன வேலை

செகண்ட் லைஃப்ல சூரியன் இருக்கு, அது வேகமாவும் ஓடும். வழக்கமான செட்டிங்ல அங்க ஒரு நாள்ங்கறது 4 மணி நேரம், 3 மணி நேரம் பகல், 1 மணி நேரம் ராத்திரி. நம்ம ஒரு நாளைக்குள்ள அங்க ஆறு தடவை விடிஞ்சுடும். 2020-ல வந்த மாற்றத்துக்கு அப்புறம் நிலத்துச் சொந்தக்காரர் சூரியப் பாதையை இஷ்டப்படி மாத்திக்கலாம். அந்த சூரியனுக்கு சென்னையோட 13 டிகிரி அட்சரேகையும் தெரியாது, பெர்லினோட 52 டிகிரியும் தெரியாது, பேசறவர் தான் செட் பண்ணிக்கணும். செட் பண்ணிட்டா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நடக்கறதை பத்து நிமிஷத்துல ஓட்டிக் காட்டிடலாம்.

இதுல ஒரு பேனலை எப்படி உயிரோட காட்டறதுன்னு பாருங்க.

1. சூரியன் இப்ப எந்த திசைல இருக்குன்னு ஸ்க்ரிப்ட்டால கேக்க முடியும். பேனல் எந்த திசையைப் பாத்து இருக்குன்னும் அதுக்குத் தெரியும்.

2. ரெண்டு திசைக்கும் நடுவுல இருக்கற கோணத்தோட கொசைன் மதிப்பு தான் நேர் வெயில்ல எத்தனை பங்கு பேனல் மேல விழுதுங்கறது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், 2 சதுர மீட்டர் பேனல், 20 சதவீத திறன்னு வெச்சா நேரா பாக்கும்போது 400 வாட். சூரியன் 60 டிகிரி சாய்ஞ்சா கொசைன் அரை, 200 வாட். பேனலுக்கு மேல மிதக்கற எழுத்துல இந்த எண் மாறிட்டே இருக்கும், கேக்கறவங்க பேனலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கலாம்.

3. நிழல் தான் முக்கியமான பாடம், மொட்டை மாடில பேனல் போட்டவங்க ஏமார்ற இடமும் அது தான். வழக்கமான 60 செல் பேனல்ல எல்லா செல்லும் சங்கிலி மாதிரி தொடரா கோத்திருக்கும், 20 செல்லுக்கு ஒரு பைபாஸ் டையோடு (கரண்ட் சுத்திப் போக வழி விடற சின்னப் பாகம்), ஆக மூணு இருக்கும். தண்ணி டேங்க் நிழல் ஒரே ஒரு செல்லை முழுசா மூடினா கூட அந்த 20 செல் கூட்டத்தையே டையோடு ஒதுக்கிடும், அறுபதுல ஒரு பங்கு போகும்னு நினைச்ச இடத்துல மூணுல ஒரு பங்கு கரண்ட் போயிடும். இதை வாயால சொன்னா யாரும் நம்பறது இல்ல. டேங்கை வெச்சு, சூரியனை ஓட்டி, நிழல் ஊர்ந்து வந்து பேனல் ஓரத்துல ஒரு செல்லை மூடும்போது 400 சட்டுனு 270 பக்கமா விழறதைக் காட்டினா அதுக்கப்புறம் விளக்கம் தேவையில்ல.

ஆனா அந்த நிழல் தானா கணக்குல வராது. கண்ணுக்குத் தெரியற நிழல் அவங்கவங்க கம்ப்யூட்டர் வரையற படம் தான், சர்வர்ல இருக்கற ஸ்க்ரிப்ட்டுக்கு அப்படி ஒண்ணு விழுதுன்னே தெரியாது. அதனால ஒவ்வொரு செல்லுல இருந்தும் சூரியனை நோக்கி ஒரு கற்பனைக் கோடு விட்டு நடுவுல ஏதாவது தட்டுதான்னு ஸ்க்ரிப்ட்டைப் பாக்க வைக்கணும், அதுக்கும் வசதி இருக்கு.

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு உண்டு. ஒவ்வொருத்தரும் தன் திரையில மட்டும் நேரத்தை மாத்தி வெச்சுக்கலாம். பேசறவர் "இப்ப சாயங்காலம் நாலு மணி, நிழல் நீளுது பாருங்க"ன்னு சொல்லும்போது, எப்பவும் உச்சிவெயில்னு வெச்சிருக்கற ஆளுக்கு நிழலே நீண்டிருக்காது. அழகா இருக்குன்னு நடுராத்திரி செட் பண்ணி வெச்சவருக்கு நிலா வெளிச்சத்துல பேனல் 400 வாட் குடுக்கும், நம்ம இபி காரங்க பாத்தா ஆளையும் பேனலையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஸ்க்ரிப்ட் சர்வர் சூரியனைப் பாத்து கணக்கு போடுது, மனுஷன் தன் திரை சூரியனைப் பாக்கறான், ரெண்டும் வேற வேற.

ரெண்டு பேச்சும் ஒண்ணா சேர்ற இடம்

ரோம்ல சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி சர்ச்ல ஒரு சின்ன சேப்பல், அதோட இடது சுவத்துல காரவாஜியோ 1599, 1600-ல வரைஞ்ச மத்தேயுவின் அழைப்பு ஓவியம். படத்துக்குள்ள வெளிச்சம் வலது பக்கத்துல இருந்து சாய்வா வந்து மேஜைல உக்காந்திருக்கறவங்க முகத்துல விழும். வலது பக்கத்துல நிஜமா என்ன இருக்குன்னா பலிபீடம், அதுக்கு மேல ஒரு ஜன்னல். ஓவியத்துக்குள்ள இருக்கற வெயில், கட்டடத்துக்குள்ள வர்ற வெயிலோட தொடர்ச்சி மாதிரி அமைஞ்சிருக்கு. புத்தகத்துல ஓவியத்தை மட்டும் வெட்டிப் போட்டா இது போச்சு. சேப்பலையே கட்டி, ஜன்னலை வெச்சு, சூரியனை நகத்திக் காட்டறதுக்கு மெய்நிகர் உலகத்தை விட வசதியான இடம் கிடையாது.

வசதி இருந்தும் அங்க பெரும்பாலான கேலரில இதுக்கு வழியே இல்ல. ராத்திரி ஆனா ஓவியம் இருட்டிடும், சாயங்காலம் ஆனா எல்லாம் ஆரஞ்சு ஆயிடும்ங்கறதுக்காக ஓவியத்துக்கு ஃபுல் பிரைட்னு ஒரு செட்டிங் போட்டுடுவாங்க, அப்புறம் எந்த வெளிச்சமும் அதை பாதிக்காது, டிவி திரை மாதிரி தானே எரிஞ்சுக்கிட்டு நிக்கும். நிறம் பிசகாம இருக்கும், உண்மை தான். ஆனா வெளிச்சத்தையே பொருளா வெச்சு வரைஞ்ச காரவாஜியோவை ட்யூப்லைட் பெட்டியாக்கிட்டு அதுக்கு முன்னாடி நின்னு ஒளியும் நிழலும்னு ஒரு மணி நேரம் பேசறது எனக்கு சரியாப் படல.

இதுக்கே எவ்வளவு கரண்ட் ஆகுது

சோலார் பத்தி பேசற கூட்டம் எத்தனை யூனிட் தின்னுதுன்னு கேக்கறது நியாயமான கேள்வி. 2006 டிசம்பர்ல தொழில்நுட்பம் பத்தி எழுதற நிக்கலஸ் கார் ஒரு கணக்கு போட்டார், செகண்ட் லைஃப் அவதார் ஒண்ணு கிட்டத்தட்ட ஒரு சராசரி பிரேசில்காரர் அளவு கரண்ட் செலவு பண்ணுதுன்னு அது உலகம் பூரா சுத்துச்சு. கணக்கு இது தான்:

1. 4,000 சர்வர், ஏசியும் சேத்து ஒவ்வொண்ணும் 250 வாட். மொத்தம் 1,000 கிலோவாட்.

2. எந்த நேரமும் உள்ள இருக்கறவங்க 12,500 பேர், அவங்க கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணும் 120 வாட். மொத்தம் 1,500 கிலோவாட்.

3. ரெண்டும் சேந்து ஒரு நாளைக்கு 60,000 யூனிட், தலைக்கு 4.8 யூனிட், வருஷத்துக்கு 1,752 யூனிட். அப்ப பிரேசில் சராசரி 1,884.

கூட்டல் பெருக்கல்ல தப்பு இல்ல, ஆனா "தலை"ங்கற வார்த்தைல ஒரு சறுக்கல் இருக்கு. 12,500-ங்கறது குறிப்பிட்ட 12,500 ஆளுங்க கிடையாது, எந்த நிமிஷம் எண்ணினாலும் உள்ள இருக்கற எண்ணிக்கை. ஆளு மாறிட்டே இருப்பாங்க, 24 மணி நேரமும் தூங்காம உள்ளயே கிடக்கற ஒருத்தர் இருந்தா அவருக்குத் தான் 1,752 யூனிட். ஒரு மணி நேரத்துக்குன்னு பிரிச்சா 4.8-ஐ 24-ஆல வகுக்கணும், 0.2 யூனிட். ஒன்றரை மணி நேரப் பேச்சுக்கு ஆளுக்கு 0.3 யூனிட் வருது. மேல சொன்ன 400 வாட் பேனல் 4 மணி நேரம் முழு வெயில் வாங்கினா 1.6 யூனிட், ஆக அந்த 2006 ரேட்லயே ஒரு பேனலோட ஒரு நாள் கரண்ட்ல அஞ்சு பேர் பேச்சு கேக்கலாம். அதுக்கப்புறம் சர்வர் எல்லாம் அமேசான் கிளவுடுக்கு மாறிடுச்சு.

கட்டினது நிலைக்குமா

இது தான் பெரிய பலவீனம். ஓவியப் பேச்சுக்காக மாசக்கணக்குல கட்டின ஹால் வாடகை கட்டற வரைக்கும் தான் இருக்கும். 2006 கடைசில புதுத் தீவுக்கு மாசம் 295 டாலர்னு வெச்சாங்க, கல்லூரிகளுக்குப் பாதி விலை குடுத்தாங்க. 2010-ல அந்தச் சலுகையை நிறுத்தப்போறதா அறிவிச்சதும் பல யுனிவர்சிட்டிங்க மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிடுச்சு, 2013-ல சலுகை திரும்பி வந்தும் போனவங்க நிறைய பேர் திரும்பல. சிலர் ஓப்பன்சிமுலேட்டர்னு இலவச மென்பொருளுக்கு மாறினாங்க, அதுல சொந்த சர்வர்ல உலகத்தை ஓட்டலாம், ரீஜன் மொத்தத்தையும் ஒரே ஃபைலா எடுத்து வெச்சுக்கலாம். ஆனா அங்க ஆள் நடமாட்டம் கம்மி, பொதுப் பேச்சுன்னு வெச்சா கேக்க வர்றவங்களைத் தேடணும். ஆல்ட்ஸ்பேஸ் மூடினப்ப அங்க வாழ்ந்த கூட்டங்களுக்கு கம்பெனி குடுத்த அவகாசம் சில வாரம் தான். ஆக ஸ்லைடைத் தனியா, ஒலிப்பதிவைத் தனியா, கட்டடத்தோட ஃபைலைத் தனியா வெளில சேமிச்சு வெக்கற அமைப்பு நடத்தற பேச்சு தான் அஞ்சு வருஷம் கழிச்சும் யாருக்காவது உதவும்.

போய்ப் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு

அங்க எல்லா அறிவிப்பும் எஸ்எல்டி, அதாவது செகண்ட் லைஃப் டைம்னு போட்டு வரும், அது அமெரிக்க பசிஃபிக் நேரம். காலைல 10 மணின்னு போட்டிருந்தா இந்தியா, இலங்கைல கோடைல ராத்திரி 10:30, குளிர்காலத்துல 11:30. மார்ச்லயும் நவம்பர்லயும் அவங்க கடிகாரத்தை மாத்தற வாரம் தான் நிறைய பேர் ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ போய்க் காலி ஹால்ல உக்காந்திருப்பாங்க. பத்து நிமிஷம் முன்னாடி போயிடுங்க, டெக்ஸ்சர் எல்லாம் இறங்க அவ்வளவு நேரம் ஆகும். சோலார் பேச்சுன்னா சூழல் (Environment) மெனுவுல பொதுச் சூழல் (Shared Environment)னு இருக்கறதைத் தட்டிட்டு, கிராஃபிக்ஸ் செட்டிங்ல நிழலை ஆன் பண்ணிக்கோங்க. ஓவியப் பேச்சுன்னா முதல்ல உங்க அவதாரை அஞ்சரை அடிக்குக் குறைச்சுக்கோங்க.